இரண்டு ஊருக்கும் ஒரே விசில்

பனிப்புயலில் நகரத்து ரெஃபரியின் கார் சாலையோரப் பள்ளத்தில் இறங்கியதும், லீக் தலைவர் லெஸ்யாவுக்குப் போன் செய்து "உன் விசில் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டதும் போன வாரம் வாசகர்கள் அறிந்ததுதான்.

விசில் சமையலறை இழுப்பறையில் ஸ்பூன்களுக்கு நடுவே கிடந்தது. லெஸ்யா அதை எடுத்துக் கழுவித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அழுக்கு ஒன்றும் இல்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

சோர்யா, கிளென்பார் என்ற இரண்டு ஊர் ஐஸ் ஹாக்கி அணிகளும் ஏழு ஆட்டத் தொடரில் ஆளுக்கு மூன்று ஜெயித்திருந்தார்கள். கடைசி ஆட்டம் இன்று, ஞாயிற்றுக்கிழமை மதியம், சோர்யாவின் பனித்தள ரிங்கில். சோர்யாவின் கோச் ஓரெஸ்ட் பிலிப்சுக் லெஸ்யாவின் அப்பா. கிளென்பாரின் கோல்கீப்பர் கேலம் மக்ரே அவள் கணவன். இந்த இரண்டு அணியும் மோதுகிற எந்த ஆட்டத்துக்கும் லீக் இதுவரை அவளை ரெஃபரியாக அனுப்பியதில்லை. இன்று வேறு ஆள் இல்லை. இரண்டு ஊரும் சம்மதம் சொல்லிவிட்டன.

இரண்டு ஊரும் அவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததுதான் அவளுக்கு உறுத்தியது.

கேலம் காலைச் சாப்பாட்டில் இருந்தான். பிளேஆஃப் என்கிற இறுதிச் சுற்று தொடங்கிய நாளிலிருந்து, ராசிக்காக, இரண்டு ஊரிலும் எந்த ஆட்டக்காரனும் சவரம் செய்துகொள்வதில்லை. அவனுடைய செம்பட்டைத் தாடியில் ஓட்ஸ் கஞ்சி ஒட்டியிருந்தது.

"எங்க கோச் மர்டோ போன வைக்கிறதுக்குள்ள சரின்னுட்டாரு," என்றான்.

"ஏனாம்?"

"சின்ன வயசுல உங்கப்பா உன்ன டீம்ல இருந்து தூக்கினாரு இல்ல? அந்தக் கோவம் உனக்கு இன்னும் இருக்குன்னு மர்டோவுக்கு ஒரு நம்பிக்கை."

"எனக்கு அந்தக் கோவமே கிடையாதே!"

"தயவுசெஞ்சு மர்டோகிட்ட சொல்லிடாத. மனுஷன் சந்தோஷமா இருக்காரு."

"சரி, எங்கப்பா எதுக்குச் சரின்னாரு?"

"நீ அவர் பொண்ணு. அதுக்கு மேல அவருக்குக் காரணம் வேணுமா?"

லெஸ்யா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் நல்லா விசில் ஊதுவேன்னு யாருமே சொல்லலையா?"

கேலம் கிண்ணத்துக்குள் உற்றுப் பார்த்தான். "நான் சொன்னேன்."

"யார்கிட்ட?"

"மனசுக்குள்ள."

அவள் துண்டை எடுத்து அவன் மேல் வீசினாள். அவன் பழக்கதோஷத்தில் இடது கையால் பிடித்தான்.

சிரித்துவிட்டாளே தவிர, கவலை போகவில்லை. இன்று அவள் கை எந்தப் பக்கம் நீண்டாலும் ஒரு ஊர் "அப்பனுக்குப் பண்ணிட்டா" என்று சொல்லும். இல்லாவிட்டால் இன்னொரு ஊர் "புருஷனுக்குப் பண்ணிட்டா" என்று சொல்லும். அப்படி ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் இந்தச் சமவெளியில் எந்த ரிங்கிலும் அவள் விசிலுக்கு மதிப்பு இருக்காது. நாலு வருஷமாகக் குளிரில் ஊர் ஊராக வண்டி ஓட்டி, சின்னப் பையன்கள் ஆட்டத்திலிருந்து ஏறி வந்தவள் அவள்.

ரெஃபரியும் ஆட்டக்காரனும் ஒரே வண்டியில் வந்து இறங்கக் கூடாது. ஆளுக்கொரு பிக்கப்பில் கிளம்பினார்கள். குளிரில் எஞ்சின் உறைந்துவிடாமல் செருகி வைத்திருந்த மின்சார வயரை, கேலம் வழக்கம்போல இரண்டு வண்டிக்கும் அவனே கழற்றினான்.

*

சோர்யா ரிங்கின் கான்டீனில் வெண்ணெயில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. லெஸ்யாவின் அம்மா ஸ்டெஃபா பெரோகியைக் கொதிக்கிற தண்ணீரிலிருந்து கரண்டியால் அள்ளித் தட்டுகளில் போட்டுக்கொண்டிருந்தாள். மாவுக்குள் உருளைக்கிழங்கு வைத்து மூடிய அந்தப் பெரோகிக்கு எதிரி ஊர்க்காரர்களும் வரிசையில் நின்றார்கள். கிளென்பாரில் இவர்களை எவ்வளவுதான் ஏசினாலும் ஸ்டெஃபாவின் பெரோகியைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

ஓரெஸ்ட் உள்ளே வந்தார். நரைத்த தாடி. பிளேஆஃபுக்கென்றே வைத்திருக்கிற மண்ணிறக் கோட்டு.

"லெஸ்யூ! சாப்பிட்டியா?"

"ஆட்டத்துக்கு முன்னாடி சாப்பிட மாட்டேன்ப்பா."

"நீ எதுக்கும் பயப்படாத. நான் இன்னிக்கு வாயத் தொறக்கப் போறதில்ல. பசங்ககிட்டயும் சொல்லிட்டேன். எவனாவது என் பொண்ணப் பாத்து முணுமுணுத்தான்னு தெரிஞ்சா, ஆட்டம் முடியறவரைக்கும் பெஞ்சுதான்."

லெஸ்யாவுக்கு உள்ளுக்குள் திக்கென்றது.

ஓரெஸ்ட் பிலிப்சுக் ரெஃபரிகளைத் திட்டுவதில் பேர் பெற்றவர். ஒருவருக்குச் சொன்ன வசவை இன்னொருவருக்குச் சொல்ல மாட்டார். ஆளைப் பார்த்து, அவர் நடையைப் பார்த்து, புதிதாகத் தயார் செய்வார். கிளென்பாரிலிருந்து சிலர் ஆட்டத்தை விட அதைக் கேட்கத்தான் வருவார்கள்.

"அப்பா, எப்பவும் போல கத்துங்க."

"பெத்த பொண்ணையா?"

"ரெஃபரிய."

"இந்தச் சட்டையப் போட்டா நீ என் பொண்ணு இல்லாமப் போயிடுவியா?"

ஸ்டெஃபா கரண்டியோடு திரும்பினாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் கெஞ்சறேன், கத்தாத மனுஷான்னு. இன்னிக்குத்தான் புத்தி வந்திருக்கு. அதையும் நீ கெடுக்கறியேடி."

"அம்மா, இவர் கத்தலன்னா கிளென்பார்க்காரங்க என்னன்னு எடுத்துப்பாங்க?"

"என்னன்னு?"

"ரெஃபரி நம்ம வீட்டு ஆளுன்னு."

"நம்ம வீட்டு ஆளுதானே நீ!" என்று ஓரெஸ்ட் அவள் கன்னத்தைத் தட்டினார். வெங்காயத்துக்காகக் காத்திருந்த இரண்டு கிளென்பார்க்காரர்கள் அதைப் பார்த்தார்கள். ஒருவன் மற்றவனை முழங்கையால் இடித்தான்.

லெஸ்யா தட்டைத் தொடாமல் கிளம்பினாள்.

சோர்யா ரிங்கில் ரெஃபரிப் பெண்ணுக்கென்று தனி அறை கிடையாது. துடைப்பமும் வாளியும் வைக்கிற அறையில்தான் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டாள். கதவுக்கு வெளியே அவளுக்கு உதவி நடுவரான லைன்ஸ்மேன் வேய்ன் காத்திருந்தார். பன்றிப் பண்ணை வைத்திருக்கிற பெரிய உருவம். பேச்சு குறைவு.

"ரெடியா?"

"இல்ல."

"யாரும் ரெடியா இருக்க மாட்டாங்க. வா."

*

சோர்யாவின் ஆட்டத்தில் நாசூக்கு எதுவும் கிடையாது. பந்துக்குப் பதிலாக இருக்கிற ரப்பர் வட்டை எதிரணியின் மூலைக்குள் வீசுவது, பின்னாலேயே ஓடிப்போய் அங்கே இருப்பவனைப் ரிங்கைச் சுற்றிய பலகையோடு சேர்த்து நசுக்குவது, பிடுங்கியதைக் கோலுக்கு முன்னால் தள்ளுவது. அங்கே பொஹ்தான் நிற்பான். தானியக் கிடங்கில் வேலை. கதவுக்குச் சட்டை போட்டு விட்டது போல இருப்பான். கோல்கீப்பருக்கு அவன் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது.

கிளென்பார் மோதாது. ஐந்து பேரும் நடுப்பகுதியில் வேலி போட்டது போல நிற்பார்கள். வட்டு வந்து மாட்டியதும் இரண்டே பாஸ், மூன்றாவது கோல். சோர்யாக்காரர்கள் அதைக் கோழைத்தனம் என்பார்கள். கிளென்பார்க்காரர்கள் இதை மாட்டுச் சண்டை என்பார்கள். முதல் ஆறு ஆட்டங்களிலும் ரெஃபரியின் மண்டைதான் உருண்டது.

முதல் பத்து நிமிஷத்துக்குள் பொஹ்தான் ஒருவனை முதுகில் தள்ளினான். லெஸ்யா கையைத் தூக்கி விசில் ஊதி, அவன் சட்டை எண்ணைச் சொல்லிப் பெனால்டிப் பெட்டியைக் காட்டினாள்.

"இருபத்தேழு! ரெண்டு நிமிஷம்!"

அரங்கமே சோர்யா பெஞ்சின் பக்கம் திரும்பியது. ஓரெஸ்ட் டையைச் சரி செய்துகொண்டார். மகளைப் பார்த்துப் புன்னகை கூடச் செய்தார்.

கிளென்பார் பக்கத்தில் ஒருவன் எழுந்து நின்றான். "ஓரெஸ்ட்! தொண்டையில முள்ளா?"

"விடுப்பா, குடும்ப விஷயம்! வீட்டுல போய்ப் பேசிப்பாங்க!" என்றான் பக்கத்திலிருந்தவன்.

அந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பு. லெஸ்யாவுக்குக் காது சுட்டது. அப்பா ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை திட்டினால் போதும் என்றிருந்தது.

அடுத்து கிளென்பார்க்காரன் ஒருவன் மட்டையால் காலைத் தட்டிவிட்டான். அதற்கும் இரண்டு நிமிஷம் கொடுத்தாள். மர்டோ பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டார். "ஏம்மா! அப்பா வீட்டு ரிங்குன்னா கண்ணு ரெண்டும் ஒரே பக்கம்தான் திரும்புமா?"

அது அவளுக்கு இதமாக இருந்தது. ஒரு பக்கமிருந்தாவது அவளை ரெஃபரியாக மதித்துத் திட்டுகிறார்கள். மறுபக்கம் புன்னகை. அந்தப் புன்னகைதான் அவளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

மூன்று பகுதியும் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. இனி கூடுதல் நேரம். முதல் கோல் யார் போடுகிறார்களோ கோப்பை அவர்களுக்கு.

இடைவேளையில் வேய்ன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து சாசேஜ் தின்றார்.

"நல்லாத்தான் ஊதற," என்றார்.

"யாரு நம்பறாங்க?"

வேய்ன் கொஞ்ச நேரம் மென்றார். "உண்மையச் சொல்லட்டுமா? உங்கப்பா இப்படி உம்முன்னு நிக்கறதப் பாத்தா எனக்கே கொஞ்சம் சந்தேகம் வருது."

*

பனிவண்டி தளத்தை வழித்துவிட்டுப் போயிருந்தது. கேலம் தன் கோலுக்கு முன்னால் கோல்கீப்பருக்கென்றே வரைந்திருந்த நீல அரைவட்டத்தை ஸ்கேட்டால் குறுக்கும் நெடுக்குமாகச் சுரண்டிச் சொரசொரப்பாக்கிக்கொண்டான். வலைக்குப் பின்னால் கண்ணாடிக் கூண்டில் கோல் நடுவர் நெஸ்டர் உட்கார்ந்தார். ஊர் நாவிதர். பிளேஆஃப் முடிகிற வரைக்கும் எவனும் தாடி எடுக்க வருவதில்லை. கடையைச் சாத்திவிட்டு, கோல் விழுந்தால் எரிகிற சிவப்பு விளக்கின் பொத்தானைப் பார்த்துக்கொள்ள வந்துவிடுவார்.

ஆட்டம் தொடங்கியது. சோர்யா வட்டை மூலைக்குள் எறிந்தது. துரத்தியது. இரண்டு பேர் பலகையில் மோதிய சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. வட்டு மூலையிலிருந்து வெளியே வந்தது. லெஸ்யா அந்த மூலைப் பக்கம் நின்றாள். அவளுக்கும் கேலமுக்கும் நடுவில் பொஹ்தானின் முதுகு.

ஒரு அடி. வட்டு வலைக்குள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அரங்கம் கூரையைப் பிய்த்தது.

கேலம் பனியில் மல்லாந்து கிடந்தான். "ஆஆஹ்" என்று நீளமாக ஒரு முனகல்.

அந்த முனகல் லெஸ்யாவுக்குப் பழக்கம். வாசல் பனியை வாரச் சொன்னால் அதே முனகல்தான் வரும். குப்பைத் தொட்டியை வெளியே வைக்கச் சொன்னாலும் வரும். கோல் விழுந்தால் தன்னை யாரோ இடித்தது போல விழுந்து காட்டுவது அவன் பழைய கெட்ட வழக்கம். 'போடா நடிகா' என்று நினைத்துக்கொண்டு, கையை நீட்டி வலையைக் காட்டினாள்.

கோல்.

சோர்யா ஆட்டக்காரர்கள் கையுறைகளையும் மட்டைகளையும் வானத்தில் வீசினார்கள். ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பனியில் கம்பளத்தை உருட்டி விரித்து, இரண்டு பேர் கோப்பையை மேஜையோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓரெஸ்ட் பெஞ்சுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

லெஸ்யா கிளென்பார் பக்கம் திரும்பினாள். இப்போது கேலம் எழுந்து ஓடி வருவான். முகமூடியைக் கழற்றி, "இடிச்சான்! தள்ளினான்! நீ பாக்கலையா?" என்று குதிப்பான். எல்லா ரெஃபரியிடமும் அப்படித்தான்.

அவன் வரவில்லை.

கம்பத்தைப் பிடித்து மெதுவாக எழுந்தான். இடது காலை ஊன்றிப் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல், கை குலுக்குகிற வரிசைக்காகச் சறுக்கத் தொடங்கினான். தொடர் முடிந்தால் இரண்டு அணியும் வரிசையாக நின்று கை குலுக்கியாக வேண்டும். அது முடிந்துவிட்டால் பிறகு எதையும் மாற்ற முடியாது.

லெஸ்யா குறுக்கே போய் நின்றாள். "கால் என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"கேலம்."

"உன் தீர்ப்பு, உன்னோடது. வழி விடு. நான் கை குலுக்கணும்."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தப்பு தன் மேல் இருந்தால் ஊரையே கூட்டுகிற மனுஷன் இவன். நிஜமாகவே வலித்தால் மட்டும்தான் "ஒண்ணுமில்ல" என்பான். கோப்பையை விட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அவள் விசிலுக்காக.

அவள் வேய்னிடம் பாய்ந்தாள். "பொஹ்தான் என்ன பண்ணான்?"

வேய்ன் விழித்தார். "மட்டையக் கொக்கியாட்டம் காலுக்குப் பின்னாடி மாட்டி இழுத்தான். நீல வட்டத்துக்கு உள்ள."

"ஏன் சொல்லல?"

"நீ நேரா அங்க பாத்துக்கிட்டே கோல்னு கை காட்டின. நீ பாத்துட்டுத்தான் விட்டேன்னு நெனச்சேன். சொந்தப் புருஷன் விஷயம், நான் எதுக்கு நடுவுல?"

"கேட்டா சொல்லுவீங்களா?"

"இப்ப கேட்டுட்ட. சொல்லிட்டேன்."

லெஸ்யா விசிலை வாயில் வைத்தாள். மூன்று முறை ஊதினாள். யாருக்கும் கேட்கவில்லை. நாலாவது முறை ஊதி, இரண்டு கைகளையும் இடுப்பளவில் அகல விரித்து வெட்டினாள். அந்தச் சைகை ரிங்கில் சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும்.

கோல் இல்லை.

பிறகு பொஹ்தானைக் காட்டினாள். "இருபத்தேழு! கோல்கீப்பர இழுத்ததுக்கு ரெண்டு நிமிஷம்!"

சத்தம் நின்ற விதம் பயமாக இருந்தது. கோப்பையைத் தூக்கி வந்த இரண்டு பேரும் பாதிக் கம்பளத்தில் நின்றுவிட்டார்கள். "இப்ப இத எங்க வெக்கறது?" என்று அதில் ஒருவர் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

பிறகு இரண்டு ஊரும் ஒன்றாகக் கூவின. சோர்யா கோலை எடுத்ததற்காக. கிளென்பார் முதலில் கொடுத்ததற்காக.

அத்தனை கூச்சலையும் கிழித்துக்கொண்டு ஒரு குரல் எழுந்தது.

"ஏ ரெஃபரி!"

லெஸ்யா திரும்பினாள். ஓரெஸ்ட் பெஞ்சின் மேல் நின்றிருந்தார். கோட்டு ஒரு தோளிலிருந்து நழுவியிருந்தது. முகம் பீட்ரூட் சூப் நிறத்தில் இருந்தது.

"ஏ ரெஃபரி! கண்ண எங்க வெச்சுட்டு வந்த? வீட்டுல ஊறப் போட்டிருக்கியா? போட்ட முட்டைய மறுபடி உள்ள வாங்கிக்கிற கோழிய இன்னிக்குத்தான் பாக்கறேன்! பன்னிக்காரன் சொன்னா கோல் இல்லையா? அப்ப விசில அந்தப் பன்னிங்ககிட்டயே குடுத்திருக்கலாமே, அதுங்களாவது சேர்ந்தாப்புல ஒரே பக்கம் கத்தியிருக்கும்! உனக்கு ரெஃபரி சட்டை தெச்சவன் யாரு? அவன் கோடு போட்டதே கோணலா இருக்கு!"

கிளென்பார் பக்கம் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. அதற்காகத்தான் அத்தனை மைல் பனியில் வந்திருந்தார்கள்.

லெஸ்யா நேராக அவர் முன்னால் போய் நின்றாள். காலையிலிருந்து இருந்த கவலை எங்கே போனது என்று தெரியவில்லை.

"கோச், இன்னும் ஒரு வார்த்த பேசினா பெஞ்சுக்கும் ரெண்டு நிமிஷம்."

"வார்த்தையா? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!"

"ஓரெஸ்ட்!" என்று கான்டீன் ஜன்னலிலிருந்து ஸ்டெஃபா ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். கையில் கரண்டி.

ஓரெஸ்ட் கோட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பெஞ்சிலிருந்து இறங்கினார். "அவ அம்மாவுக்காக விடறேன். ரெஃபரிக்காக இல்ல," என்றார்.

*

பனியில் சிதறிக் கிடந்த கையுறைகளைப் பொறுக்கவே நேரமானது. ஒருவனுக்கு இரண்டும் இடது கையாகக் கிடைத்தது.

ஆட்டம் திரும்பத் தொடங்கியது. பொஹ்தான் பெனால்டிப் பெட்டிக்குள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு ஆள் குறைவான சோர்யாவைக் கிளென்பார் சுற்றிச் சுற்றி வந்தது. அழகான பாஸ், அதற்கு மேல் ஒரு அழகான பாஸ். மர்டோ "அடிங்கடா! போட்டோவா எடுக்கறீங்க?" என்று அலறினார். ஒருவன் அடித்தான். கம்பத்தில் பட்டு டங்கென்றது.

பெட்டியின் கதவு திறந்தது. பொஹ்தான் வெளியே வந்த அதே நேரத்தில் சோர்யாக்காரன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு வட்டை முன்னால் தட்டிவிட்டான். அது போய்ப் பொஹ்தானின் மட்டையில் ஒட்டியது. அவனுக்கு முன்னால் கேலமைத் தவிர யாரும் இல்லை.

பொஹ்தான் தனியாகக் கோலை நோக்கிப் போய் அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. அவனே திகைத்துப் போயிருப்பான். லெஸ்யா கூடவே பறந்தாள். இந்த முறை நடுவில் முதுகு இல்லை. எல்லாம் தெரிந்தது. பொஹ்தான் நீல அரைவட்டத்துக்கு வெளியிலேயே அடித்ததும், கேலம் இடது பக்கம் தள்ளிப் போக முயன்றதும், அந்தக் கால் ஒத்துழைக்காததும்.

வட்டு இடது மூலையில் நுழைந்தது.

அவள் கையை நீட்டினாள். யாராவது ஏதாவது சொல்வார்களா என்று ஒரு கணம் காத்திருந்தாள். கேலம் முகமூடியைக் கழற்றினான். வேர்வையில் தாடி சொட்டியது.

"சுத்தம்," என்றான். "என்னைக் கேட்டா இத விட சுத்தமா அவன் குளிச்சதுகூட இல்ல."

பொஹ்தான் அவன் மேலேயே வந்து விழுந்து கட்டிக்கொண்டான்.

இந்த முறை கோப்பை முழுக் கம்பளத்தையும் தாண்டி வந்தது. வரிசை நின்றது. கை குலுக்கினார்கள். ஓரெஸ்ட் கேலமின் கையைப் பிடித்தபோது குனிந்து அவன் காலைப் பார்த்தார். அவன் ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்தார். பின்னால் வந்த கிளென்பார்க்காரன் இடிக்கிற வரைக்கும் கையை விடாமல் நின்றார்.

மகளைப் பார்த்தார். முறைத்தார். போய்விட்டார்.

*

துடைப்ப அறையில் லெஸ்யா ஸ்கேட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஸ்டெஃபா ஒரு தட்டு பெரோகியோடு வந்தாள். மேலே புளித்த கிரீம் குவியலாக இருந்தது.

"சாப்பிடு. உங்கப்பா லீக் தலைவருக்குப் போன் போட்டாரு."

"எதுக்கு?"

"உன் மேல புகார். கோலைக் கொடுத்துட்டு எடுத்தது விதிப்படி செல்லாதாம். விசாரணை வெக்கணுமாம்."

லெஸ்யா வாயில் போட்டதை மெல்ல மறந்தாள். "ஜெயிச்சுட்டாரே அம்மா!"

"நானும் அதத்தான் கேட்டேன். அது வேற, இது வேறங்கறாரு. வருஷா வருஷம் ஒரு ரெஃபரி மேல புகார் குடுக்கறவரு, இந்த வருஷம் மட்டும் எப்படி விடறதாம்? ஒரு கையில கோப்பைய வெச்சுக்கிட்டே பேசறாரு."

லெஸ்யா சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து வாளியில் சாய்ந்து, வாளி உருண்டு, துடைப்பங்கள் சரிந்து விழுந்தன. எல்லா ரெஃபரி மேலும் புகார் கொடுப்பவர் அவள் மேலும் கொடுத்துவிட்டார். சோர்யாவில் இனிமேல் யாரும் அவளை அப்பாவின் செல்லம் என்று சொல்ல முடியாது.

"சிரிடி, சிரி," என்றாள் ஸ்டெஃபா. "சாட்சிக்கு யாரு பேரக் குடுத்திருக்காரு தெரியுமா?"

"வேய்ன்?"

"உன் புருஷன்."

கேலமின் கால் முழங்காலுக்குக் கீழே வீங்கியிருந்தது. அவனுடைய வண்டியை மர்டோ ஓட்டி வருவதாகச் சொன்னார். லெஸ்யா தன் பிக்கப்பில் அவனை ஏற்றி, காலுக்கு அடியில் தன் கோட்டைச் சுருட்டி வைத்தாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வயல்களின் பனி முழுக்கத் தங்க நிறம்.

"உங்கப்பா என்னை சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காராமே?"

"ம்."

"நான் என்ன சொல்லணும்?"

"நடந்தத."

கேலம் தாடியைச் சொறிந்துகொண்டான். "எனக்கு ஒண்ணுதான் புரியல. எடுத்தது சரி. வேய்ன் சொன்னாரு, எடுத்த. முதல்ல எத வெச்சுக் கோல்னு கை காட்டின? பொஹ்தான் முதுக மீறி உனக்கு அங்கேர்ந்து ஒண்ணும் தெரிஞ்சிருக்காதே?"

லெஸ்யா சாலையைப் பார்த்தபடி ஓட்டினாள்.

"லெஸ்யா? விசாரணையில முதல் கேள்வியே அதுதான் வரும். நீ பாத்தியா, பாக்கலையா?"

"பாக்கல," என்றாள். "காதுல விழுந்தது."

"என்ன விழுந்தது?"

அந்த 'ஆஆஹ்' முனகலை நினைத்துக்கொண்டு அவள் கியரை மாற்றினாள்.

"என்ன விழுந்ததுன்னு கேக்கறேன்ல?"